25 சென்ட் அட்டை

2019 அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை, கலிஃபோர்னியாவில் கூப்பர்ட்டினோ என்ற ஊரில், ஒரு கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் 25 சென்ட் கொடுத்து ஒரு பழைய அட்டை வாங்கினேன். பேரம் பேசவில்லை. அந்த டி ஆன்சா கல்லூரியில் அப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை பழம்பொருள் சந்தை கூடும். மாணவர் சங்கம் நடத்தியது. ஒடிந்த கித்தார், இசைத்தட்டு, யாரோ போட்டுக் கழித்த பனிச்சறுக்குக் காலணி, ஒயர் இல்லாத கீபோர்டு என்று நம்மூர் பழைய இரும்புக்கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சரக்கு. அதற்கு நடுவில் ஒரு கிழவர் நான்கு இழுப்பறை கொண்ட இரும்பு அலமாரியை விற்க வைத்திருந்தார். உள்ளே இருந்ததை அள்ளி ஒரு பெட்டியில் போட்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள்தான் அந்த அட்டை கிடந்தது.

"ஏம்ப்பா, குப்பையைக் காசு குடுத்து வாங்குறீங்க?" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். மருமகள் மட்டும் சிரித்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். இரண்டு நாள் முன்னால்தான் அவளோடு வகுப்புக்குப் போயிருந்தேன்.

அட்டையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். 1978-இல் இளநிலை உதவியாளராக வருவாய்த் துறையில் சேர்ந்து, தென்மாவட்டத் தாலுகா அலுவலகங்களில் 35 வருஷம் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் டைப் அடிக்கத் தெரியும், பட்டா விவரம் எடுக்கத் தெரியும். அவ்வளவுதான் உறவு. மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போனவனுக்கு அமெரிக்காவில் வியப்பு காத்திருந்தது ஒரு தொடக்கநிலை கம்ப்யூட்டர் வகுப்பில் என்றால், என் கூட்டாளிகள் நம்ப மாட்டார்கள். கிராண்ட் கேன்யனும் போய் வந்தேன். பெரிய பள்ளம்.

மருமகள் பாளையங்கோட்டையில் பி.காம். படித்தவள். எச்-4 விசாவில் இருந்தாள். அந்த விசா அவளை வேலை பார்க்க விடாது, படிக்க விடும். "மாமா, வீட்ல உக்காந்து டிவிய முறைச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு எங்கூட காலேஜுக்கு வாங்க. லைப்ரரில பேப்பர் படிங்க, மரத்தடில உக்காருங்க, உங்க இஷ்டம்" என்றாள். ஸ்டீவன்ஸ் க்ரீக் சாலையில் 23-ஆம் எண் பஸ். கடைசி நிறுத்தம் கல்லூரி.

இறங்கியதும் நான் முதலில் தேடியது வாசலை. இல்லை. மதில் சுவரும் இல்லை, இரும்புக் கதவும் இல்லை, முக்காலியில் உட்கார்ந்து "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கும் காவலாளியும் இல்லை. சாலை முடிகிற இடத்தில் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் கல்லூரி. நான் கையில் குடையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அரசாங்கக் கட்டடத்துக்குள் யாரும் கேள்வி கேட்காமல் நுழைவது என் ரத்தத்தில் இல்லாத பழக்கம்.

வாசல் இல்லாதது கட்டடத்துக்கு மட்டுமல்ல என்று மருமகள் நடந்துகொண்டே சொன்னாள். இதைக் கம்யூனிட்டி காலேஜ் என்கிறார்கள். இந்த வகைக் கல்லூரி 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியதாம். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்போது நூற்றுக்கும் மேல். படிப்பவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 18 வயது ஆகியிருந்தால் போதும். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது. இரண்டு வருஷம் இங்கே படித்துவிட்டு பெர்க்லி போன்ற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டில் மாறிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஒரே ஒரு பாடத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். அவள் எடுத்திருந்தது நாலரை யூனிட் பாடம். பெருக்கினால் 139 டாலர் 50 சென்ட். பாடப் புத்தகத்தின் விலைதான் கண்ணைக் கட்டியது. அதனால் புத்தகத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தாள்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1776-இல் ஹுவான் பௌதீஸ்தா டி ஆன்சா என்ற ஸ்பானியத் தளபதி இந்த வழியாகப் படையோடு போனபோது, கூட வந்த பாதிரியார் ஓர் ஓடைக்கு இத்தாலியப் புனிதர் கூப்பர்ட்டினோ ஜோசப்பின் பெயரை வைத்தார். ஓடையின் பெயர் ஊருக்கு வந்தது. தளபதியின் பெயர் கல்லூரிக்கு வந்தது. அந்த ஜோசப் ஜெபம் செய்யும்போது தரையை விட்டு எழும்பி மிதப்பாராம். படிப்பில் மட்டும் மகா மந்தம். தேர்வில் கேட்கப் போவது எதுவென்று தெரியாமல் தனக்குத் தெரிந்த ஒரே பகுதியை மட்டும் படித்துக்கொண்டு போக, அதையே கேட்டார்கள் என்பது கதை. அதனால் பரீட்சை எழுதுபவர்களுக்கு அவர்தான் காவல் தெய்வம். நுழைவுத் தேர்வே இல்லாத கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

வகுப்பு, கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் துறையின் அறிமுகப் பாடங்களில் ஒன்று. அதே துறையில் சி ப்ளஸ் ப்ளஸ் நிரல் எழுதும் வகுப்பு, ஜாவா, பைத்தான் எல்லாம் உண்டு. இவளுடையது அதற்கும் முன்னால் நிற்கும் வகுப்பு. கம்ப்யூட்டர் என்றால் என்ன, தகவல் என்றால் என்ன, ஒரு நிறுவனம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பதில் தொடங்குகிற பாடம். எனக்கு அதுவே விசித்திரமாகப் பட்டது. அதே ஊரில்தான் ஆப்பிள் நிறுவனத்தின் வளையக் கட்டடம். விண்வெளிக் கப்பல் தரை இறங்கியதுபோல 2017-இல் திறந்தது. அதன் நிழல் விழுகிற ஊரில், ஃபைல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பா?

வராந்தாவில் உட்காரத்தான் போனேன். வகுப்பு எடுக்கும் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு மருமகளிடம் ஏதோ கேட்டார். அப்புறம் கையைக் காட்டி, பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு நாளைக்குத்தானே, பரவாயில்லை என்றாராம். அறையில் முப்பது பேர் இருக்கும். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பொடியன்கள் பாதிப்பேர். மற்ற பாதியைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்தேன். உணவுக்கடைச் சீருடையைக் கழற்றாமல் வந்திருந்த ஒருவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், முதல் பத்து நிமிஷம் தூக்கத்தோடு மல்லுக்கட்டினார். தள்ளுவண்டியில் குழந்தை தூங்க, ஒரு காலால் அதை ஆட்டிக்கொண்டே குறிப்பு எடுத்த பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் ஒருவர், பென்சிலைச் சீவிச் சீவி மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். இவர்கள் எல்லோரும் அந்தப் பொடியன்களோடு ஒரே பாடத்தை, ஒரே மதிப்பெண்ணுக்கு, ஒரே வரிசையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். யாருக்கும் கூச்சம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயது ஊழியர் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றால் வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பார். எனக்குத் தெரியும், நானே எடுத்திருக்கிறேன்.

அன்றைய வேலை எளிது. ஒரு விவரப் பட்டியலை இறக்கி, வாரத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் வைத்து, அங்கிருந்து திறக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் முடியும் என்று ஆசிரியை சொன்னார். முப்பது நிமிஷம் ஆனது. வயசானவர்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். தடுமாறியது பொடியன்கள். ஒரு பெண், கைப்பேசியில் மின்னல் மாதிரி விரல் ஓட்டுகிற பெண், கையைத் தூக்கினாள். காணோம் என்றாள். எங்கே வைத்தாய் என்று கேட்டார் ஆசிரியை. கம்ப்யூட்டரில்தான் என்றாள் அவள். கம்ப்யூட்டரில் எங்கே? அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. தேடினால் வரும் பொருளுக்கு இடம் எதற்கு?

ஆசிரியை சலித்துக்கொள்ளவில்லை. நாலைந்து வருஷம் முன்னால்வரை இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, கைப்பேசியிலேயே வளர்ந்தவர்களுக்கு ஃபோல்டரைக் கண்ணில் பார்க்கும் அவசியம் வந்ததே இல்லை என்றார். பலகையில் தலைகீழாக ஒரு மரம் வரைந்தார். மேலே வேர், கீழே கிளைகள், கிளை நுனியில் ஃபைல். ஒரு ஃபைலின் முழு முகவரி என்பது வேரிலிருந்து அந்த நுனிவரை போகும் பாதை என்று சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் இடையில் ஒரு சாய்கோடு போட்டார்.

அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ந.க. அ3/1247/94. இப்படித்தான் நாங்கள் எழுதுவோம். ந.க. என்றால் நடப்புக் கணக்கு. அ என்பது பிரிவு. 3 என்பது அந்தப் பிரிவில் மூன்றாவது இருக்கை. ஆள் மாறினாலும் இருக்கை மாறாது. 1247 வரிசை எண். 94 வருஷம். இடையில் சாய்கோடு. எவனோ ஒரு விவசாயி தன் தாத்தா பேரில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்றக் கொடுத்த மனு, தபாலில் வந்து, பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, உதவியாளர் கைக்குப் போய், எண் வாங்கி, ஃபைலாகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கட்டடத்தில் எந்த மூலையிலிருந்தும் அந்த ஒரு தாளைப் பிடித்துவிடலாம். இந்த முறையை டாட்டன்ஹாம் முறை என்பார்கள், வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மனப்பாடம் செய்து நான் தூக்கத்தில் உளறியிருக்கிறேன். பலகையில் இருந்த மரத்தை நான் முப்பத்தைந்து வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன். மரம் என்று மட்டும் தெரியாது.

ஃபைலுக்குச் சாவும் உண்டு என்பதைப் பொடியன்கள் அன்றைக்கு இன்னும் படிக்கவில்லை. எங்களிடம் அதற்கும் கணக்கு இருந்தது. வேலை முடிந்த ஃபைலை மூடும்போது அதன் ஆயுளை உதவியாளரே தலையில் எழுதிவிடுவார். எல்.டிஸ் என்றால் ஒரு வருஷம், கே.டிஸ் என்றால் மூன்று வருஷம், டி.டிஸ் பத்து, ஆர்.டிஸ் சாகாவரம். ஃபைல் பிறந்த வேளை பார்த்து ஜாதகம் கணிக்கிற மாதிரி. என் மகன் வேலை பார்க்கும் இடத்தில் இதைத் தகவல் வைப்புக் கொள்கை என்று சொல்லி, அதை வகுக்கத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்களாம்.

இனி அட்டைக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வைத்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். திரையில் ஃபோல்டர் என்று ஒரு மஞ்சள் படம் இருக்குமே, அதன் தலையில் ஒரு பக்கம் மட்டும் நாக்கு நீட்டிக்கொண்டிருப்பது எதற்கு? நாங்கள் கையாண்ட ஃபைல் எதிலும் அப்படி நாக்கு இல்லை. எங்களுடையது இரண்டு அட்டைக்கு நடுவில் தாள் அடுக்கி, ஓட்டை போட்டு, டேக் கோத்து, நாடாவால் கட்டியது. படுக்க வைப்போம், ஒன்றின்மேல் ஒன்றாக. ஆபரேட்டர் பையனிடம் கேட்டேன். "அது அப்படித்தான் சார்" என்றான். சரி, அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

சந்தையில் அந்தக் கிழவரின் பெட்டிக்குள் கைவிட்டபோது வந்தது அந்தப் படம்தான். மங்கிய சந்தன நிறம். நடுவில் ஒரு மடிப்பு. பின்பக்கம் முன்பக்கத்தைவிட அரை அங்குலம் உயரம். அதிலும் இடது ஓரத்தில் மட்டும் விரலளவுக்கு ஒரு நாக்கு. நாக்கில் ஆங்கிலத்தில் பென்சிலால் "வரி, 1988" என்று எழுதியிருந்தது. அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, அலமாரியின் இழுப்பறையை இழுத்து உள்ளே செருகிக் காட்டினார். படுக்க வைக்கவில்லை, நிற்க வைத்தார். அப்போதுதான் புரிந்தது. நிற்கிற அட்டைகளின் வரிசையில் மேலிருந்து பார்த்தால் நாக்கு மட்டும் தெரியும். நாக்கில் பெயர் தெரியும். ஒவ்வொன்றின் நாக்கும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் ஒன்றையொன்று மறைக்காது. இருபது வருஷச் சந்தேகம், 25 சென்ட். அந்த நிறத்துக்கும் காரணம் உண்டு. மணிலா அட்டை என்று பெயர். பிலிப்பைன்ஸில் விளையும் ஒருவகை வாழை நாரில் முன்பு செய்ததால் அந்த ஊர்ப் பெயரும், நாரின் நிறமும் ஒட்டிக்கொண்டன.

இந்த அட்டை திரைக்குள் போன கதையையும் ஆசிரியை சொல்லியிருந்தார். 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்கு விட்டது. அதன் திரையில் ஓர் அலுவலக மேஜையையே வைத்தார்கள். தாள், ஃபோல்டர், இழுப்பறை, வருகைத் தட்டு, அனுப்புகைத் தட்டு. அந்த நாள் குமாஸ்தாவுக்குப் பழகிய பொருள்களைக் காட்டினால் பயப்பட மாட்டான் என்பது எண்ணம். விலை 16,000 டாலருக்கு மேல். பயப்பட வைக்க அது போதும், வியாபாரம் எடுபடவில்லை. சாமானியர் கைக்கு அந்த மேஜையைக் கொண்டுவந்தது மெக்கின்டோஷ். 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் அதைப் பையிலிருந்து எடுத்து உலகத்துக்குக் காட்டிய மேடை எது தெரியுமா என்று கேட்டுவிட்டு, ஆசிரியை ஜன்னல் பக்கம் கை நீட்டினார். இதே கல்லூரியின் ஃப்ளிண்ட் சென்டர் அரங்கம். ஆப்பிளின் மற்றொரு ஸ்டீவ், வோஸ்னியாக், இந்தக் கல்லூரியிலேயே படித்தவர் என்றும் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் அந்த அரங்கத்தைப் பார்க்கப் போனோம். பெரிய கட்டடம், ஆள் நடமாட்டம் இல்லை. அந்த வருஷம்தான் அதை மூடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தேன். இருட்டு. குமாஸ்தாவின் ஃபைல் கட்டு சாமானியர் திரைக்குள் குடிபோனது இந்த மேடையில். அடுத்த கட்டடத்தில் ஒரு பெண் அந்த ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அது எந்த மேஜையிலிருந்து வந்தது என்று தெரியாமல். இரண்டுக்கும் நடுவில் 35 வருஷம். கிட்டத்தட்ட என் சர்வீஸ் காலம்.

கல்லூரியின் மற்ற அழகுகளை ஓட்டமாகத்தான் பார்த்தேன். இந்தப் பகுதி முழுக்க ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் காய்த்த காலத்தில் இந்த இடம் ஒரு சீமானின் திராட்சைத் தோட்டம். அவர் கட்டிய பிரெஞ்சுப் பாணி மாளிகை இன்றைக்கும் வளாகத்துக்குள் நிற்கிறது. கோளரங்கம் இருக்கிறது. கல்லூரி வந்தது 1967-இல்.

அந்த வாரம் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் அறிந்த ஒரு தகவல் அமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுக. தகவல் அமைப்புக்கு ஐந்து உறுப்பு என்று பாடம்: வன்பொருள், மென்பொருள், தரவு, நடைமுறை, மனிதர்கள். மருமகள் பேக்கரி, வங்கி, ரயில் முன்பதிவு என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, உங்க ஆபீஸை எழுதவா?"

"அங்க கம்ப்யூட்டரே கெடையாதேம்மா, நான் சேர்ந்த காலத்துல."

"வன்பொருள்னா கம்ப்யூட்டர்தான்னு யார் சொன்னா? ராக்கும் இரும்புப் பெட்டியும் வன்பொருள்தான். நீங்க சொல்லுங்க."

சாப்பாட்டு மேஜையில் ராத்திரி பதினொன்று வரை சொன்னேன். தபால் பிரிப்பதிலிருந்து பதிவறையில் கட்டு கட்டி வைப்பதுவரை. அவள் கட்டம் போட்டு அம்புக்குறி போட்டு வரைந்தாள். மகன் நடுவில் எட்டிப் பார்த்து, "இது நல்லாத்தான் டிசைன் பண்ணிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வாயிலிருந்து என் வேலையைப் பற்றி வந்த முதல் பாராட்டு.

ஒரு வாரத்தில் திருத்தி வந்தது. நல்ல மதிப்பெண். ஓரத்தில் ஆசிரியையின் கேள்வி ஒன்று: மூடிய ஃபைல் பதிவறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் யாரிடம் இருக்கும், அவர் வராத நாளில் என்ன செய்வீர்கள்?

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பட்டியல் இருந்தது. பதிவேடும் இருந்தது. ஆனால் யாரும் அதைப் பார்த்துத் தேடியதில்லை. பதிவறை எழுத்தர் ஒருவர் இருந்தார். காக்கிப் பையில் மூக்குப்பொடி, காதில் பென்சில். எண்ணைச் சொன்னால் எழுந்து போவார், கட்டோடு வருவார். அவருக்குக் கண்புரை அறுவை ஆகி நாற்பது நாள் படுக்கையில் இருந்தபோது முன்சீப் கோர்ட்டிலிருந்து பழைய ஃபைல் ஒன்றைக் கேட்டார்கள். நாங்கள் மூன்று பேர் தூசியைக் குடித்துக்கொண்டு மூன்று நாள் தேடினோம். இரண்டு வாய்தா போயிற்று. கடைசியில் ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதி, உதவியாளர் ஒருவரை சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவருக்குத் தாளை வாசித்துக் காட்டினாராம். "மூணாவது ராக், மேலேர்ந்து ரெண்டாவது தட்டு, கெழக்கு மூலை, கரையான் அரிச்ச கட்டுக்குக் கீழ" என்றாராம். அங்கேதான் இருந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது மருமகள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியையின் கேள்விக்குப் பதில். கடைசி வரியில் நிறுத்திவிட்டு, அவர் பேரைப் போடலாமா மாமா என்று கேட்டாள்.

போடச் சொன்னேன். எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் எப்படி வரும் என்பதற்குத்தான் கொஞ்சம் நேரமானது.